மாடு காட்டும் நாள்

நடக்கிறாயா இல்லையா என்று கேட்டால் செவலை காதை மட்டும் ஆட்டுகிறது. அந்தக் காதில் ஒரு மஞ்சள் வில்லை, அதில் கறுப்பில் நம்பர், இன்சூரன்ஸ்காரர்கள் குத்திவிட்டுப் போனது. வில்லை இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி கட்டு துளசி, ஆபீசர் கண்ணில் படாது என்று கயிற்றைக் கொடுக்கும்போதே பொன்னாத்தாள் அக்கா சொல்லிவிட்டாள். அவளுக்கு இதெல்லாம் பழகிப்போனது. எங்கள் வாய்க்கால்மேட்டில் இதற்கு மாடு காட்டுவது என்று பேர். மகளிர் குழுவில் கறவை மாட்டுக்கென்று கடன் வாங்குவோம், பணம் பிள்ளைகளின் காலேஜுக்குப் போகும், மாட்டைப் பார்க்க பேங்கிலிருந்து ஆள் வருகிற அன்றைக்குப் பொன்னாத்தாள் அக்காவின் செவலையை ஓட்டிவந்து வாசலில் கட்டுவோம். ஆபீசர் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போனால், கொட்டகைக்கும் தீவனத்துக்கும் என்று நிறுத்தி வைத்திருக்கிற மீதிப் பாதி வரும். செவலை பொழுது சாய்வதற்குள் தன் வீட்டுக்குப் போய்விடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், எங்கள் ஏட்டு மாடு பரீட்சைப் பீஸ் வரைக்கும் உதவியிருக்கிறது. இன்றைக்கு என் முறை. ரெண்டாம் ஈத்துங்க, காலையில ஆறு லிட்டர், சாயங்காலம் நாலுங்க. ராத்திரியிலிருந்து இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அரிசி கழுவும்போது, பாத்திரம் துலக்கும்போது, தலை பின்னும்போது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் அந்தியூர்ச் சந்தையில் என்று சொல்ல வேண்டும். கன்று எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது, அதை யாரும் சொல்லித் தரவில்லை. கன்று விற்றாயிற்று என்று சொல்லலாம். விற்ற காசு எங்கே என்று கேட்பானா. அவ்வளவு தூரம் கேட்கமாட்டான். ரெண்டாம் ஈத்துங்க.

இப்போது இது ஏன் நிற்கிறது. கலாமணி வீட்டு வாசல். ஓ, நினைப்பிருக்கிறதா உனக்கு. போன வருஷம் கலாமணியின் பையன் பாலிடெக்னிக்குக்காக இதே வாசலில் உன்னைக் கட்டிவைத்திருந்தார்கள், ஆபீசர் வருகிறார் என்று குண்டா நிறையப் புண்ணாக்குக் கரைத்து வைத்தார்கள், கொம்புக்கு மஞ்சள்கூடத் தடவினாள். அதுதான் தானாக உள்ளே திரும்புகிறாய். கடன் வாங்கினவள் மறந்தாலும் மாடு மறக்கவில்லை. வா, வா, இது இன்றைக்கு நம் வாசல் இல்லை. கலாமணி எங்கள் குழுத் தலைவி, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கணக்கில் ஒரு ரூபாய் பிசகமாட்டாள். கடனுக்கு எழுதின அன்றைக்கு மாரியம்மன் கோவில் மண்டபத்தில் எங்களை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கொரு தொழில் சொல்லுங்க என்றாள். ஆடு என்றார்கள், தையல் மிஷின் என்றார்கள், இட்டிலிக் கடை என்றார்கள். என் முறை வந்தபோது நான் படிப்பு என்றேன், பிரவீணாவுக்குப் பிசியோதெரபி கடைசி வருஷம், அதற்குத்தான் என்று. எல்லோரும் சிரித்தார்கள். கலாமணியும் சிரித்துவிட்டு, படிப்பு தொழில் இல்லை துளசி, அதில் வருமானம் காட்ட முடியாது, மாடு போட்டுக்கிறேன் என்று எழுதிக்கொண்டாள். நானும் சரி என்றேன். அதற்கு முன்னால் பெரிய பேங்குக்குப் போய் முறையாகப் படிப்புக் கடன் கேட்காமலா இருந்தேன். மேனேஜ்மெண்ட் கோட்டா சீட்டா, அப்படியென்றால் சொத்துப் பத்திரம் வேண்டும் என்றார் மேனேஜர். நான் இருக்கிற வீடே வாடகை. படித்து வேலைக்குப் போகப்போகிற பிள்ளையை நம்பிக் கொடுக்கமாட்டார்கள், எப்போது வேண்டுமானாலும் வயிறு உப்பிச் சாகிற மாட்டை நம்பிக் கொடுப்பார்கள். சரி, உன்னைச் சொல்லவில்லை, நீ நன்றாக இரு, நட.

வெயில் ஏறிவிட்டது, பிடரியில் அந்த இடம் மறுபடியும் இழுக்கிறது. பிரவீணா இருந்தால் கட்டை விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள், எந்த எலும்புக்கும் எந்த நரம்புக்கும் நடுவில் என்று அவளுக்குத் தெரியும், அழுத்திக்கொண்டே அதன் பேரையும் இங்கிலீஷில் சொல்வாள், நான் இரண்டாவது எழுத்திலேயே தூங்கிப்போவேன். இன்றைக்குக் காலையில் அழுத்தவில்லை. ஆபீசர் வருகிறார், நீயும் கூட நின்று இரண்டு வார்த்தை சொல்லு, படித்த பிள்ளை சொன்னால் எடுபடும் என்று கேட்டேன். சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள் மிக்ஸியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "எனக்குப் பீஸ் கட்டோணும்னு நீ பொய்யி பேசி, கையெழுத்துப் போட்டு, மாட்டையும் இரவல் வாங்கோணுமா? அப்படியொரு படிப்பு எனக்கு வேண்டாம்மா. நான் பனியன் கம்பெனிக்குப் போறேன்." பீஸ் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கொடுக்கமாட்டார்கள் என்று அவள்தான் போன வாரம் அழுதவள். இன்றைக்கு வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா, நாலு வருஷம் கட்டினது கிணற்றில் போட்ட கல்லா. அவளுடைய அப்பாவுக்கு இந்தக் கவலையே கிடையாது. நெல் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு, இதெல்லாம் கவர்மெண்ட் கட்டவேண்டியது துளசி, எலெக்ஷன் வரட்டும், ஒரு கையெழுத்தில் தள்ளுபடி ஆகும் பாரு என்பார். அவர் சொல்வது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கவர்மெண்ட் காலேஜில் சீட்டுக் கிடைத்திருந்தால் நான் ஏன் மாட்டுக் கயிற்றைப் பிடிக்கிறேன். ஆனால் காலேஜ்காரன் எலெக்ஷன் வரைக்கும் காத்திருப்பானா. குழுவில் கேட்டால் பெற்றவர்கள்தான் கட்ட வேண்டும், வேறு யார் என்பார்கள். பிரவீணாவைக் கேட்டால் நான் சம்பாதித்து நானே கட்டுகிறேன், என் பேரிலேயே கடன் இருக்கட்டும் என்பாள். எப்படிக் கண்ணு. முதல் சம்பளம் வாங்குகிற கை அன்றைக்கே காலி என்றால் நீ எப்போது நிமிர்வாய். கழுத்தில் கயிற்றோடு ஒரு பிள்ளையை வேலைக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. அதற்காக நானே கட்டிவிடுகிறேன் என்று சொல்கிற அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது. டிபன் கடையில் பாத்திரம் தேய்க்கிற காசு, அவர் தூக்குகிற மூட்டை, அவ்வளவுதான். இருந்தாலும் குழுவுக்கு ஒரு தவணை தவறவில்லை. அதைச் சொல்லலாம் ஆபீசரிடம். ஒரு தவணை தவறலீங்க. ரெண்டாம் ஈத்துங்க.

மில் பஸ் வருகிறது, ஓரமாக வா செவலை. எத்தனை வருஷம் ஆனாலும் இந்த பஸ்ஸைப் பார்த்தால் தொண்டையில் பஞ்சு வந்து அடைக்கிறது. ஜன்னலோரம் ஒரு பிள்ளை தலையைச் சாய்த்துத் தூங்குகிறது, தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு. நானும் அப்படித்தான் தூங்கினேன். பத்தாவது முடித்ததும் அப்பா மில்லில் கொண்டுபோய் விட்டார். மூன்று வருஷம் அங்கேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவார்கள், நடுவில் வந்துவிட்டால் கிடையாது. நான் நடுவில் வரவில்லை. காய்ச்சலோடு ராத்திரி ஷிப்ட் நின்றேன், நூல் அறுந்த இடத்தையெல்லாம் முடிந்து முடிந்து விரல் நுனியில் ரேகையே போயிற்று. முடிகிற அன்றைக்கு அப்பா வந்தார், பணத்தை வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார், வழியில் எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொடுத்தார். அந்தப் பணம் என் கல்யாணத்துக்குப் போகவில்லை, தம்பி ஈஸ்வரனின் டிப்ளமோவுக்குப் போயிற்று. பையன் படித்தால் குடும்பம் நிமிரும் என்றார்கள், நான் மறுபேச்சுப் பேசவில்லை, பேசத் தெரியவும் இல்லை. ஈஸ்வரன் நன்றாகத்தான் படித்தான், இன்றைக்குக் கோயமுத்தூரில் சூப்பர்வைசர், சொந்தமாக வீடு, கார். நான் மனசாரச் சந்தோஷப்பட்டவள்தான். ஆனால் அவன் கல்யாணத்தில், பந்தி நடுவில் நின்றுகொண்டு, படாத பாடு பட்டு மவனைப் படிக்க வெச்சேன் என்று அப்பா பத்துப் பேரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்று அப்பளம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தராவது திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஈஸ்வரனாவது பார்ப்பான் என்று நினைத்தேன். எங்கேயும் எழுதவில்லை பார், எழுதாத காசு நடந்த காசே இல்லை. போன மாசம் அவனுக்குப் போன் செய்து, பிரவீணா பீஸுக்குக் கொஞ்சம் முடியுமா என்று கேட்டேன், அதுவும் கைமாற்றாகத்தான் கேட்டேன். "அடுத்தவன் கட்டுத்தரையில கறக்கப் போற மாட்டுக்கு நீ எதுக்குக்கா இத்தனை தீனி போடறே?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன், சட்டியின் அடி தேய்ந்துபோகிற மாதிரி தேய்த்திருக்கிறேன், கடைக்காரர் வந்து போதும்மா என்றார்.

இப்போது எதற்கு நின்றாய். ஓ, சம்பூரணம் வீடு. அவளுடைய மகள் நர்ஸிங். இங்கேயும் உனக்குக் கழனித்தண்ணி கொடுத்தார்களா, சரிதான். வீதியில் பாதி வாசல் உனக்குச் சொந்தம். அந்தப் பிள்ளை இப்போது ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், சம்பளம் வருகிறது, சம்பூரணம் கடனை முடித்தும்விட்டாள். ஆனால் பேங்கில் போய்க் கேட்டால் என்ன இருக்கும். சம்பூரணம் மாடு வாங்கினாள், மாட்டில் சம்பாதித்துக் கடனைக் கட்டினாள் என்று இருக்கும். கலாமணியும் மாடு வாங்கினாள். நாளைக்குத் துளசிமணியும் மாடு வாங்கினாள் என்று என் பேரும் ஏறும். பெரிய ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்கள், வாய்க்கால்மேட்டுப் பெண்களுக்கு மாடென்றால் உயிர் போலிருக்கிறது, பிள்ளைகளைப் படிக்க வைக்க அவர்கள் காசே கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள்தான் கேட்கவே இல்லையே. எங்கள் வீதியில் படிப்புக்குப் பட்ட கடன் அத்தனையும் இந்த ஒரு செவலையின் வயிற்றுக்குள் போய் மறைந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். கொஞ்சம் நில்லு, நானும் நிற்கிறேன். பிரவீணாவுக்கும் ஒரு நாள் கல்யாணம் நடக்கும். அவளுடைய அப்பா பந்தியில் நின்றுகொண்டு, நான் மூட்டை தூக்கிப் படிக்க வைத்தேன் என்பார். அது பொய்யும் இல்லை. ஈஸ்வரன் தாய்மாமன் முறைக்கு வந்து மாலையைப் போட்டுக்கொண்டு, எங்களால் ஆனதெல்லாம் செய்தோம் என்பான், அது முழுப் பொய். நான் பக்கத்தில் அப்பளம் போட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் என்ன எழுத்து இருக்கும். மாடு வாங்கினேன் என்கிற எழுத்துத்தான் இருக்கும். ஒரு தடவை மில் காசில் தம்பியைப் படிக்க வைத்தேன், அது காணாமல் போயிற்று. இப்போது வயிற்றைக் கட்டி மகளைப் படிக்க வைக்கிறேன், அதையும் நானே என் கையால் காணாமல் போக்கப் போகிறேனா, ஒரு குண்டா புண்ணாக்கு வைத்து.

மாட்டேன். இது ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டு வீம்பு இல்லை. பொய் சொல்வதில் எனக்கு அப்படியொன்றும் கூச்சம் கிடையாது, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் காசு வைத்திருக்கிறேன். இது வேறு. இது என் பேர். மாடு இல்லை சார், படிப்புக்குக் கட்டினேன், அப்படியே எழுதுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் மீதிப் பாதி வராது. வராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. அந்த இடத்தில்தான் யோசனை முட்டிக்கொண்டு நிற்கிறது. கலாமணி சும்மா இருப்பாளா, ஒருத்தி வாயால் பத்துப் பேர் குடி கெட்டது என்று மண்டபத்தில் வைத்துக் கேட்பாள். மற்றவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், என்னுடையதை மட்டும் சொல்வேன். மாட்டை இப்படியே திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாமா. விட்டுவிட்டு வருவதற்குள் ஆபீசர் வந்துவிடுவார், வீட்டில் பிள்ளை மட்டும் இருக்கிறாள். அதுவும் இது இத்தனை தூரம் தீனி கிடைக்கும் என்று நம்பி வந்திருக்கிறது. நட. உனக்குத் தவிடு உண்டு, அதில் மாற்றம் இல்லை. மாட்டைத் தெருவில் வேப்பமரத்தில் கட்டுகிறேன், வாசலில் நேற்று அடித்த முளைக்குச்சியில் கட்டமாட்டேன். ஆபீசர் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். ஒரு தவணை தவறலீங்க. ரெண்டாம் ஈத்து என்று வாயில் வருகிறது பார், ராத்திரியெல்லாம் உருப்போட்டது, அது பாட்டுக்கு வருகிறது. துப்பு அதை.

வாசலில் பைக் நிற்கிறது. பேங்க் ஆள் எனக்கு முன்னால் வந்துவிட்டான். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கிறான், மடியில் பை, கையில் போன், பக்கத்தில் குடித்து முடித்த டீ டம்ளர். தினகரன் என்று பேர், குழுக் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்திருக்கிறான், பிரவீணாவைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான், சட்டைக் காலரில் வேர்வை. பிரவீணா கதவுநிலையில் சாய்ந்து நிற்கிறாள். வேப்பமரத்துப் பக்கம் கயிற்றைத் திருப்புகிறேன், செவலை கேட்கவில்லை, முளைக்குச்சியையும் ஆளையும் பார்த்ததும் காட்டும் இடம் இதுதான் என்று தெரிந்துகொண்டு வாசலுக்குள் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் பிரவீணா முந்திக்கொண்டாள். "மேய்ச்சலுக்குப் போன மாட்டைப் புடிச்சுட்டு வர இத்தனை நேரமாம்மா? சார் வந்து உக்காந்துட்டு இருக்கறாரு." அவனிடம் திரும்பி, படித்த பிள்ளையின் நல்ல தெளிவான குரலில் சொன்னாள். "இதுதாங்க சார். ரெண்டாம் ஈத்துங்க. காலையில ஆறு லிட்டர், சாயங்காலம் நாலுங்க."

காலையில் மிக்ஸியை நிறுத்திவிட்டு என்னைக் கேள்வி கேட்டவள். எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம் என்றவள். நான் அரிசி கழுவும்போது முணுமுணுத்ததை அடுத்த அறையில் படித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள், ஒரு சொல் மாறாமல் ஒப்பிக்கிறாள். ஹால் டிக்கெட்டுக்காக இல்லை, என் மகளை எனக்குத் தெரியும். வந்தவன் முன்னால் அம்மா தலைகுனியக் கூடாது என்று சொல்கிறாள். சொன்னவள் முகத்தில் ரத்தமே இல்லை, கண்ணை மாட்டின் மேலேயே வைத்திருக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை. நாலு வருஷம் காசு கட்டிப் படிக்க வைத்தது ஒன்று, காசில்லாமல் நான் கற்றுக்கொடுத்தது இந்தப் பொய். இப்போது நான் உண்மையைச் சொன்னால் இவள் பொய்க்காரி ஆவாள், சொல்லாமல் விட்டால் இதுவே இவள் வாயில் தங்கிவிடும். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"புள்ளை எனக்காவ சொல்லுதுங்க தம்பி. அது சொல்றது நெசமில்லை. இது பொன்னாத்தாக்கா மாடு. நான் மாடே வாங்கலீங்க. அத்தனை பணத்தையும் இவ காலேஜுக்குக் கட்டிட்டேன்."

தினகரன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கட்டைவிரலால் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, "தெரியுமுங்கக்கா" என்றான். "இந்த மாட்டை நான் போட்டோ எடுக்கறது இது முதல் தடவை இல்லீங்க. நான் கேக்கலியே. நான் கேக்காதப்போ நீங்க எதுக்குங்க சொல்றீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டான். அவனுக்கும் இது தொந்தரவு. நாங்கள் காட்டுவோம், அவன் எடுப்பான், அவனுக்கு மேலே இருக்கிறவர்கள் பார்ப்பார்கள், எல்லோருக்கும் சரியாக இருந்தது. நடுவில் நான் ஒருத்தி வந்து மூடியைத் திறக்கிறேன். தானும் இஞ்சினியரிங் படித்தவன்தான், அப்பா தோட்டத்தை அடமானம் வைத்துப் படிக்க வைத்தார், இந்தச் சம்பளத்தில் பாதி இன்னும் அதற்குத்தான் போகிறது, அதனால்தான் எந்த வீட்டிலும் கேட்பதில்லை என்றான். அதைக் கேட்டதும் எனக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, பயமும் வந்தது, படித்தும் இவன் மாட்டைத்தானே போட்டோ எடுக்கிறான் என்று. ஆனால் திறந்த வாயை மூட முடியவில்லை.

"என்ற தம்பி படிச்சது என்ற மில்லுக் காசுலீங்க" என்றேன். "அது எங்கியும் எழுதலை. கேட்டா எங்கப்பா படிக்க வெச்சாருன்னுதான் சொல்லுவாங்க. இதையாச்சும் எழுதோணும். துளசிமணி மாடு வாங்கலை, மவளைப் படிக்க வெக்கக் கடன் வாங்குனான்னு எழுதுங்க. ஒரு தவணை நான் தவறலை. இனியும் தவறமாட்டேன்."

அவன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். மாடு, ஆடு, தையல், பெட்டிக்கடை, டிபன் கடை என்று வரிசையாக இருந்தது, படிப்பு என்று இல்லை. கடைசியில் மற்றவை என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் மேலிருந்து கேள்வி வரும் என்றான், மீதிப் பாதி நின்றுபோகும், வரலாம் வராமலும் போகலாம், தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றான். அம்மா, என்று பிரவீணா மெல்லக் கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லுக்குள் ஹால் டிக்கெட் இருந்தது, நாலு வருஷம் இருந்தது, எல்லாம் எனக்குக் கேட்டது. தொடுங்கள் என்றேன். அவன் தொட்டான். என்னவென்று கேட்டது போன். படிப்பு என்று அவன் எழுத்து எழுத்தாகத் தட்டுவதை நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாங்கின பொருளோடு உறுப்பினர் நிற்கிற போட்டோ வேண்டும், அது இல்லாமல் உள்ளே போகாது என்றான். சொல்லிவிட்டு அவனே சங்கடப்பட்டு மாட்டையும் பார்த்தான், பிரவீணாவையும் பார்த்தான். பொருள் ஒன்றும் இல்லை, என்னை மட்டும் எடுங்கள் என்று முந்தானையை இழுத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். பிரவீணா இறங்கி வந்தாள். என் பக்கத்தில் நின்றாள்.

"நீ உள்ள போ கண்ணு" என்றேன். "நீ ஒண்ணும் நான் வாங்குன பொருளில்லை."

"பொருளா வந்து நிக்கலைம்மா" என்றாள். "நாளைக்கு உன்கூடச் சேந்து கட்டப் போறவளா நிக்கறேன். எடுங்க சார்."

எடுத்தான். போட்டோவின் ஓரத்தில் செவலையின் கொம்பு ஒன்று விழுந்திருந்தது, அது போகட்டும் என்றான். பைக் கிளம்பிப் போனது. அவள் தவிடு கரைத்து வைத்தாள், செவலை மூக்கு முங்கக் குடித்தது. வில்லை போட்ட காது தெருப்பக்கம் இருந்தது, நான் திருப்பிக் கட்டவில்லை. பிரவீணா என் பின்னால் வந்து பிடரியில் அந்த இடத்தைச் சரியாகப் பிடித்து அழுத்தினாள், கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. மீதிப் பணம் வராவிட்டால் என்னம்மா செய்வது என்றாள், இந்தத் தடவை அழுகிற குரல் இல்லை. எனக்கு ஒரு வழி தெரியும் என்று சொன்னேன், சொன்ன பிறகுதான் உண்மையிலேயே வழி இருப்பது தெரிந்தது.

மாட்டைத் திருப்பி விடப் போகும்போது கயிற்றை அவள் பிடித்துக்கொண்டாள். கலாமணி வீட்டுக்கு முன்னால் செவலை வழக்கம்போல் நின்றது. கலாமணி எட்டிப் பார்த்து, காட்டியாச்சா என்றாள். இல்லை, சாயங்காலம் மண்டபத்தில் வந்து சொல்கிறேன், உன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று சொன்னேன். அவள் முகம் மாறியது, மாறட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். நான் இடுப்பிலிருந்து போனை எடுத்தேன். பீஸுக்குக் கடைசித் தேதி வரைக்கும் பேங்குக்காகக் காத்திருப்பது என் வேலை இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, வைக்கவில்லை. சொல்லுக்கா, என்ன விசேஷம் என்றான் ஈஸ்வரன்.

"விசேஷம் ஒண்ணுமில்லை ஈஸ்வரா. போன மாசம் உன்கிட்டக் கைமாத்துக் கேட்டனே, அதை மறந்துரு. இப்பக் கேக்கறது கடனில்லை. நீ படிச்சயே, அந்த மில்லுக் காசு. அதைத் திருப்பிக் கொடு."

பிரவீணா கயிற்றைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தக் காசைப் பற்றி இன்றைக்கு வரைக்கும் அவளுக்கும் நான் சொன்னதில்லை. அக்கா, என்றான் அவன் கடைசியில். சொல்லு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று போனை மற்றொரு காதுக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.